மீஞ்சூருக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம்

பழவேற்காட்டுக்குச் சென்னையிலிருந்து ரயிலில் போகலாமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று போன மாதம் இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். என் ஊர் ஆரம்பாக்கம் என்று முன்பு எழுதியிருந்ததைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தடத்தில் மூன்று வருடம் தினமும் சென்னையில் கல்லூரிக்குப் போய்வந்தவள்தான் நான். பழவேற்காட்டுக்கும் ஒரு முறை போயிருக்கிறேன், 2008 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. நேரத்தையும் கட்டணத்தையும் மட்டும் நாலு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்று நான் கிளம்பியது பட்டச் சான்றிதழ் வாங்க. பல மாதமாகக் கல்லூரி அலுவலகத்திலேயே கிடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. அந்தச் சனிக்கிழமைதான் லீவு கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா நெல் போடுகிறார்; அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். சான்றிதழை பாலிதீன் உறையில் போட்டுப் பையில் வைத்த பிறகு, உடனே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருப்பதும் அதே பழவேற்காட்டு ஏரிதான். ஆனால் அது கடலைத் தொடும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு போய், ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு இதுதான்: சென்னையிலிருந்து பொன்னேரி 35 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய், ஒரு மணி நேரம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு 18 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் நிலையத்தில் மதியம் 12.05 வண்டி. வழக்கம்போலக் கடைசியில் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏறினேன். அந்தப் பெட்டியை ஒட்டித்தான் கார்டின் அறை. நடுவில் ஒரு தடுப்புதான். வண்டி எங்காவது நின்றுவிட்டால், பெண்கள் வாசலில் தொங்கியபடி எட்டிப் பார்த்துக் கார்டிடம் கேட்பார்கள். மூன்று வருடத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்பதையும் கார்டுகள் சொல்லும் பதிலையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

கார்டுகள் பலவிதம். ஒருவர் கையிலிருக்கும் தாளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். ஒருவர், "நானும் ஒங்கள மாதிரிதாம்மா, கடைசிப் பொட்டில உக்காந்துக்கினு வரேன், முன்னாடி இன்னா நடக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்" என்று சிரிப்பார். சிக்னல் இல்லை, எக்ஸ்பிரஸ் போகவேண்டும், முன்னால் சரக்கு வண்டி மாட்டிக்கொண்டது, காரணம் ஆளுக்கு ஆள் மாறும். மாறாதது ஒன்றுதான். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதன் முடிவில் "பத்து நிமிஷம்" என்பார்கள். கால் மணி என்றோ ஒரு மணி என்றோ எந்தக் கார்டும் சொல்லி நான் கேட்டதில்லை. தினமும் போகிறவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. நாங்கள் பார்ப்பது தலைக்கு மேலே. வண்டி நிற்கும்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல்தான், சீக்கிரம் கிளம்பிவிடும். மின்விசிறியும் நின்றுபோனால் மேலே கம்பியில் மின்சாரம் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

பேசின் பிரிட்ஜில் ஒரு பெண்மணி ஏறி என் எதிரே உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு புர்கா, மடியில் ஒரு துணிப்பை, கையில் செல்போன். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "பொன்னேரி போவும்ல இது?" என்று கேட்டார். போகும் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவரே சொன்னார். பெயர் ஜமீலா. கல்யாணமாகித் திருவள்ளூரில் இருக்கிறார், பிறந்த ஊர் பழவேற்காடு. அன்று விடியற்காலையில் அவருடைய வாப்பா இறந்துவிட்டார். வீட்டுக்காரர் வியாபாரத்துக்காக வெளியூர் போயிருந்ததால் தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

"மத்தியானம் லுஹர் தொழுகைக்கே எடுத்துருப்பாங்க. நான் வரணும்னு தம்பி ஜமாத்துல பேசி சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மாத்திக்கினான். மூனே முக்காலுக்கு மேல வெக்கமாட்டாங்க. அதுக்குள்ள போயி மொகத்தப் பாத்துடணும். எடுத்துட்டா அவ்ளோதான், பொம்பளைங்க நாங்கள்லாம் பொதைக்கிற கபர்ஸ்தானுக்குப் போவமாட்டோமே" என்றார். "பஸ்ஸுல வந்தா ரோடு பேஜாரு, ரயிலுன்னா நேரத்துக்குப் போயிடும்னாங்க. அதான்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பொன்னேரிக்கு ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குப் போய்விடும். இரண்டு மணிக்கெல்லாம் அவர் வீட்டில் இருப்பார். நானும் பழவேற்காடுதான் போகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் பையில் நீட்டிக்கொண்டிருந்த உறையைப் பார்த்து, "இன்னா அது?" என்றார். டிகிரி சர்டிபிகேட் என்றேன். "மாஷா அல்லாஹ்" என்று உறையின் மேலேயே ஒரு முறை தடவிக்கொடுத்தார்.

நந்தியம்பாக்கம் தாண்டி, மீஞ்சூர் வருவதற்கு முன்னால், 12.52க்கு வண்டி நின்றது. மின்விசிறி இரண்டு சுற்று சும்மா சுற்றிவிட்டு நின்றது. நான் மேலே பார்த்தேன்.

எங்கள் பெட்டியில் தனம் என்று ஒரு அக்கா இருந்தார். கும்மிடிப்பூண்டியில் இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போகிறவர். தினமும் பார்த்த முகம். அவர்தான் முதலில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "சார், இன்னா சார்?"

"சிக்னல் இல்லம்மா. பத்து நிமிஷம்" என்று பதில் வந்தது.

"கார்டு சாரோட பத்து நிமிஷத்துல நான் ரெண்டு புள்ள பெத்து காதுகுத்தே வெச்சுருவேன்" என்று சொல்லிவிட்டு, தனம் அக்கா சாப்பாட்டுப் பையை முதலில் கீழே இறக்கினார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துத் தானும் இறங்கினார். "ஃபேனே நின்னுபோச்சு, இன்னும் உக்காந்துக்கினு கீறீங்களா? நடங்க, மீஞ்சூரு கூப்புடு தூரம்தான்." நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் இறங்கினார்கள். ஜல்லியில் கால் புரள, வரிசையாக ரோட்டுப் பக்கம் போனார்கள். மீஞ்சூர் அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை.

ஜமீலா அக்காவும் எழுந்து வாசல் வரை போய்க் கீழே பார்த்தார். பெட்டிக்கும் தரைக்கும் இடுப்பளவு உயரம். பக்கத்துத் தண்டவாளத்தையும் தாண்டவேண்டும். திரும்பி வந்து, "அவங்க சொல்றது நெசமா?" என்று என்னைக் கேட்டார். பெட்டியில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"விளையாட்டுக்குச் சொல்றாங்கக்கா" என்றேன்.

ஒன்று பத்துக்கு அவருடைய போன் அடித்தது. அவர் தம்பி. அந்தப் பெட்டியின் நிசப்தத்தில் தம்பியின் குரலும் எனக்குக் கேட்டது. "எங்க கீறேக்கா? நின்னுபோச்சா? மீஞ்சூருக்குப் பைக்குல ஆள அனுப்பட்டா? முக்கா மணியில வந்துருவான்."

ஜமீலா அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டார். "பாப்பா, நீ டெய்லி போறவ. படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. வண்டிய எடுத்துருவாங்களா? இல்ல, தம்பிய ஆளு அனுப்பச் சொல்லட்டா?"

எனக்குத் தெரியும். மின்விசிறி ஓடவில்லை என்பது தெரியும், கார்டின் பத்து நிமிடம் என்னவென்று தெரியும். ஆனால் அப்பாவை இழந்துவிட்டு வரும் ஒருவரிடம் நேரமாகும் என்று சொல்ல வாய் வரவில்லை. யூனிபார்ம் போட்டவர் ஒன்று சொல்லியிருக்கும்போது நான் வேறொன்று சொல்வதா என்றும் இருந்தது. இவ்வளவையும் பின்னால்தான் யோசித்தேன். அப்போது அவர் கண்ணைப் பார்த்ததும் வந்த வார்த்தை ஒன்றுதான்.

"எடுத்துடுவாங்கக்கா."

"வேணாண்டா. பத்து நிமிஷத்துல எடுத்துருவாங்களாம்" என்று அவர் போனில் சொன்னார்.

ஒன்றரைக்குக் கார்டு, "முன்னாடி கூட்ஸ் நிக்குதும்மா, பத்து நிமிஷம்" என்றார். இரண்டுக்கு, "கம்பில ஆளுங்க வேல செய்றாங்க, பத்து நிமிஷம்" என்றார். தம்பி மறுபடியும் கூப்பிட்டபோதெல்லாம் ஜமீலா அக்கா அதையே சொன்னார். அங்கே தம்பி அதையே ஜமாத்துப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெயில் பெட்டிக்குள் பாதி வரை வந்துவிட்டது. ஜமீலா அக்கா கண்ணை மூடி உதட்டசைத்து ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை கண்ணைத் திறந்து, "எங்க வாப்பா யாரையும் காக்க வெக்கமாட்டாரு" என்றார். பிறகு மறுபடியும் மூடிக்கொண்டார்.

இரண்டரைக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அவர் கதவருகே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடி, வியர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டை.

"உண்மையிலேயே எவ்ளோ நேரம் ஆகும் சார்?"

"தெரியாதும்மா" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "எனக்கு யாரும் நேரம் சொல்லமாட்டாங்க. நில்லும்பாங்க, போம்பாங்க, அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் சார் பத்து நிமிஷம்னு சொல்றீங்க?"

"ஒரு தபா உண்மையச் சொன்னேன்மா. சிக்னல் ரிப்பேரு, ஒரு மணி நேரம் ஆவும்னு. எல்லாரும் எறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்து லைன்ல எக்ஸ்பிரஸ் வந்துச்சு. நான் சிவப்புக் கொடிய ஆட்டிக்கினே ஓடினேன்." அவர் அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. "பத்து நிமிஷம்னா பாதிப் பேராவது உள்ளயே உக்காந்துருப்பாங்க. அதுக்குத்தான்."

அவரே, "ஏம்மா, யாருக்காவது அவசரமா?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. ஒரு அக்கா இருக்கிறார், அவர் அப்பா இறந்துவிட்டார், மூன்றே முக்காலுக்குள் பழவேற்காட்டில் இருக்கவேண்டும் என்று மட்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடப் பாவமே. ஒரு மணிக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நானே எறக்கி, கையப் புடிச்சி லைனைத் தாண்டி உட்டு, ரோட்டுல ஆட்டோ ஏத்தி உட்டுருப்பேனே. யாரும் எங்கிட்ட காரணத்தச் சொல்ல மாட்டேங்கிறீங்க. எவ்ளோ நேரம், எவ்ளோ நேரம்னுதான் கேக்குறீங்க."

உடனே தன் அறையிலிருந்து இறங்கி எங்கள் பெட்டி வாசலுக்கு வந்து, "வாங்கம்மா, மெதுவா எறங்குங்க" என்று ஜமீலா அக்காவுக்குக் கை நீட்டினார். அவர் எழுந்து, பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தபோது, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மணி 2.48.

"கரண்டு வந்துடுச்சு. உக்காருங்கம்மா, இனிமே ரயில்தான் சீக்கிரம்" என்றார் கார்டு. அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. நாங்களும் நம்பி உட்கார்ந்தோம். ஆனால் வரிசையாகக் காத்திருந்த எக்ஸ்பிரஸ் வண்டிகளை முதலில் விட்டார்கள். ஒன்று போனது, இன்னொன்று போனது. கார்டு அவற்றுக்குக் கொடி காட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பவில்லை. வண்டி நகரும்போது மணி 3.10. அந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை, பத்து நிமிடம் என்றுகூட.

பொன்னேரியில் 3.35க்கு இறங்கினோம். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தோம். இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசவில்லை. "எங்க வாப்பா மய்யித்தப் பாக்கணும்பா, வெரசா போ" என்று ஜமீலா அக்கா சொன்னதும் டிரைவர் தலையைக்கூடத் திருப்பாமல் வண்டியை எடுத்தார். ரோடு முழுக்கப் பள்ளம். நாலு மணிக்குத் தம்பி கூப்பிட்டார். இந்த முறை அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஜமீலா அக்கா, "சரிப்பா... சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். "ஏம்பா கொறைக்கிறே? போ" என்றார் ஜமீலா அக்கா.

4.25க்கு அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது எதிரே ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். நாலு பேர் சந்தூக்கைத் தூக்கி வந்தார்கள். இறந்தவரை வைத்துச் சுமந்துபோகும் அந்தப் பெட்டியை அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசலுக்குத் திருப்பி எடுத்து வருவார்களாம், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். காலியாக இருந்ததால் சுமையில்லாமல் வேகமாக நடந்தார்கள். ஆட்டோ ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. அது எங்களைத் தாண்டும்போது ஜமீலா அக்கா கையை வெளியே நீட்டி அதன் கட்டையைத் தொட்டார். யார் என்று பார்க்காமலே அவர்கள் போய்விட்டார்கள்.

நான் வாசலோடு திரும்பிவிடலாம் என்று இருந்தேன். விடவில்லை. உள்ளே பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பி வந்தார், முழங்கை வரை மண். "நீ பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னியேக்கா, அத வெச்சுத்தானே பெரியவங்ககிட்ட கெஞ்சிக்கினு இருந்தேன். லேட்டாவும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பைக்கு அனுப்பியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். ஜமீலா அக்கா என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதாம்பா கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு. அதுக்கு டீ குடுங்க, மத்தியானம் சாப்புடல" என்றார்.

டீயும் பன்னும் கொடுத்தார்கள். எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடவேண்டும் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் யாரோ புதிதாக உள்ளே வந்து அழுதார்கள்.

கிளம்பும்போது ஜமீலா அக்கா வாசல் வரை வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எடுத்துருவாங்கன்னு சொன்னதுல, மொகத்தப் பாத்துருவேன்னேதான் அந்த ரெண்டு மணி நேரமும் உக்காந்துருந்தேன் பாப்பா" என்றார். நன்றியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் இரண்டும் இல்லை.

ஏரியைப் பார்த்தேனா என்றால், பொன்னேரி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். 5.40 இருக்கும். தண்ணீர் தகரம்போல மங்கலாகக் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாகப் பறவைகள். நாரையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை, கிட்டப் போகவில்லை. கடலைத் தொடும் இடத்துக்கு அங்கிருந்து இன்னும் போகவேண்டும் என்றார்கள். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். டிக்கெட் ஏழு ரூபாய்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். காலை வண்டியிலேயே கிளம்புங்கள். மதியத்தில் பாதை வேலை நடந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பொன்னேரி நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு. தண்ணீர் கையில் இருக்கட்டும். திருவள்ளூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் சென்னை போய் ரயில் மாறவேண்டாம், சுற்று அதிகம். பெரியபாளையம் வழியாக பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். வண்டி நடுவழியில் நின்றால் மின்விசிறியைப் பாருங்கள். தண்டவாளத்தில் நீங்களாக இறங்காதீர்கள். கார்டிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது. உங்களுக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லுங்கள். அவரால் முடிந்தது ஏதாவது இருந்தால் செய்வார்.

நான் இப்போதும் அதே தடத்தில்தான் ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறேன். போன வாரம் எளாவூர் தாண்டி வண்டி நின்றது. மின்விசிறியும் நின்றது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எடுத்துருவானாம்மா?" என்று கேட்டார்.

"ஃபேன் நின்னுடுச்சும்மா, லேட்டாவும். எங்க போவணும் ஒங்களுக்கு? அவசரமா?" என்றேன். பெட்டி முழுக்கக் கேட்கும்படியே சொன்னேன். கார்டிடம் போய்ச் சொல்லவும் எழுந்துவிட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "மார்க்கெட்டுக்குத்தான். ஒண்ணும் அவசரமில்ல, நீ உக்காரு" என்றார்.

அன்றைக்குப் பத்தே நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. "இன்னாமா, லேட்டாவும்னியே?" என்று அந்த அம்மா சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.